சர்க்கரைத் தண்ணி யார் வைப்பது?

இளைய மருமகள் இளமதிக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று கொளஞ்சியப்பன் குடும்பம் மொத்தமும் விருத்தாசலத்து ஆஸ்பத்திரி வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றது. இருபது பேருக்குக் குறையாது. ஒருவராலும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. செராமிக் தொழிற்பேட்டையில் இருந்த அவர்களுடைய பொம்மைப் பட்டறைக்கு அன்று பூட்டு. ஆளுக்கொரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய யோசனையில் இருந்தார்கள். குழந்தைக்கு முதல் சர்க்கரைத் தண்ணியை யார் தொட்டு வைப்பது?

நாக்கில் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பெரிய குணத்தைக் கண்டுவிட்டார்கள் என்று மூத்த மருமகள் செல்வநாயகி மனதுக்குள் காறித் துப்பினாள். மாமனார் கொளஞ்சியப்பனுக்கு வேலை என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாமியார் கண்ணம்மாள் வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்தும். இதில் எந்தக் குணத்தை எடுத்துப் பச்சைக் குழந்தை வாயில் வைப்பது?

கடைசியில், சென்னையிலிருந்து வீட்டு மாப்பிள்ளை பழமலைநாதன் வரட்டும் என்று முடிவாயிற்று. அவர் ஏதோ ஆபீசில் ஆபீசர். என்ன ஆபீஸ் என்று யாருக்கும் தெரியாது. கூலிங் கிளாஸ் போட்டிருப்பார், இடுப்பில் செல்போன் தொங்கும், இவர்களுக்கு அது போதும். நடு மகனின் பையன் பிரவீன்குமாருக்கும் அவர்தான் வைத்தார். அவன் ஸ்கூலுக்குப் போகாமல் நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்த்தும் ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

செல்வநாயகிக்கு ஆசை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இளமதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஒரே ஆசைதான். வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்தவள் அவள், கால் வீங்கியபோது வெந்நீர் ஊற்றியவள் அவள். ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லை. "புள்ள பெறாதவ கை படக்கூடாது" என்று கண்ணம்மாள் காலையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை, செல்வநாயகியின் புருஷனும்தான். சர்க்கரையைக் கரைத்துப் பீங்கான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு இளமதியின் கட்டிலோரம் நிற்கும் உத்தியோகம் மட்டும் அவளுக்குக் கிடைத்தது.

மாப்பிள்ளை வேப்பூரில் சாப்பிட இறங்கியிருப்பதாகப் போன் வந்தது. அவர் வந்து தொட்டு வைக்கும்வரை பாலும் கொடுக்கக் கூடாதாம். குழந்தை வீரிட்டது.

"புள்ள பசியில கத்துது. பால குடுங்கம்மா" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்றார் கொளஞ்சியப்பன்.

ஒருவழியாக வாசலில் கார் வந்து நின்றது. வராந்தாவே வாசலுக்கு ஓடியது. அறையில் வேறு ஆள் இல்லாததைப் பார்த்து இளமதி மெல்லக் கூப்பிட்டாள்.

"யக்கா, யாரும் இல்ல. நீங்களே வச்சுடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டன்."

கிண்ணத்துக்குப் போன செல்வநாயகியின் விரல் நின்றுவிட்டது. சொல்ல மாட்டாளாம். திருட்டுத்தனமாக வைத்துவிட்டு, காலத்துக்கும் மாப்பிள்ளை கைராசி என்று இவர்கள் பீற்றிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒளிஞ்சு வெக்கிறதுக்கு நான் என்னத்தத் திருடிட்டன்? இருடி, அவங்க வரட்டும்."

வந்தார்கள். நடுவில் பழமலைநாதன், பரோட்டா வாசனையோடு. கையைக்கூடக் கழுவாமல் விரலை நீட்டினார். செல்வநாயகி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அத்தனை பேர் பார்க்கத் தன் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விரலைச் சப்பியது.

"அடிப்பாவி! ஒன் கொணமில்ல வந்துடும் அதுக்கு!" கண்ணம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"வரட்டும் அத்த. காலையில நீங்க பேசுனப்ப வாய மூடிக்கிட்டு நின்னனே, அந்தக் கொணம் வராது. இப்ப இருக்கிற கொணந்தான் வரும்."

விரலை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு குழந்தையைத் தூக்கி இளமதியின் மார்பில் சேர்த்தாள்.

"பால குடுடி" என்றாள். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க."

நீட்டிய விரலை மடக்க மறந்து, மாப்பிள்ளைதான் முதலில் வெளியே போனார்.