வெந்நீர் டாங்குக்குப் போர்வை

நியூசிலாந்தின் டனீடின் நகரில் மாணவர்கள் தங்கும் வீடுகளுக்கெல்லாம் வாசலில் பெயர்ப்பலகை உண்டு. எங்கள் வீட்டின் பெயர் ‘சவக்கிடங்கு’. இங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில் அதைப் பெயர் என்று சொல்ல முடியாது, தகவல் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே சூடான இடம் வெந்நீர் டாங்க் நிற்கும் அலமாரி. துணி அங்கேதான் காயும். என்னோடு தங்கியிருந்த வைமாரியும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் பரீட்சைக்குப் படிப்பாள்.

கரண்ட் வீணாகிறதே என்று வீட்டின் மூன்றாவது ஆளான லாக்லனுக்குத் தூக்கம் வரவில்லை. டாங்குக்குப் போர்வை வாங்கிவந்து, தலைமுதல் கால்வரை போர்த்தி டேப் சுற்றினான். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒயர்களும் உள்ளே போய்விட்டன. உள்ளே அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்விலிருந்து வெளிச்சுவர்ப் பக்கம் வந்து சொட்டும் குழாயில் ஒயின் பாட்டில் கார்க்கை அடித்து ஏற்றினான்.

“ஒவ்வொரு சொட்டும் நம்ம கரண்ட்டு, ப்ரோ.”

போர்வை நன்றாகவே வேலை செய்தது. சூடு டாங்குக்குள்ளேயே தங்கிவிட, அலமாரி மற்ற அறைகளைப்போல் விறைத்துப்போனது.

“டாங்குக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு என்னை ஐஸ்ல வெச்சிட்டியேடா எரும!” என்றாள் வைமாரி.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனாள். போர்வையைக் கிழித்து, மூடியைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகினாள். பிறகு பழையபடி டேப் ஒட்டிவிட்டு, “ஏத்திட்டேன் ரோரி!” என்று என்னிடம் பெருமையாகக் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல. பிறகு உறுமல். வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை, ஆவி காறித் துப்பியது.

“வைமாரி, வெளிய வா!”

“இப்பதான் கதகதன்னு இருக்கு. போடா பைத்தியம்.”

“டாங்க் கொதிக்குதுடி!”

உள்ளிருந்து தள்ளினாள். திறக்கவில்லை. ஈரத்தில் ஊதிப்போகும் கதவு அது. நான் இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

“ரோரி...” என்றாள்.

திட்டாமல் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை.

லாக்லன் ஓடிவந்தான். “கார்க்கப் புடுங்கவா?”

“தொடாதடா! கொதிதண்ணி உன் மூஞ்சிலதான் அடிக்கும். மெயின அணை!”

விளக்கு அணைந்தது. உறுமல் அணையவில்லை. கதவை உதைத்தேன். பலகை மறுபடி உதைத்தபோதுதான் உடைந்தது. வைமாரி தவழ்ந்து வெளியே வந்தாள். வெறுங்காலோடு மூவரும் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக் கார் பின்னால் பதுங்கினோம்.

“வெடிக்குமா?” என்றான் லாக்லன்.

வைமாரி என் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை. நான் கைப்பிடியை விடவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து, டாங்க் ஆறும்வரை எங்களை உள்ளே விடவில்லை. அப்புறம் கார்க்கைப் பிடுங்கினார், தெர்மோஸ்டாட்டை அறுபது டிகிரிக்கு இறக்கினார். போர்வையை எடுக்கவில்லை. தெர்மோஸ்டாட், ஒயர், வால்வு இருந்த இடங்களில் மட்டும் வெட்டித் திறந்து விட்டார்.

அலமாரிக்குப் புதுக் கதவு வேண்டாம் என்று வைமாரி சொல்லிவிட்டாள். இப்போது கோட்டும் கம்பளியுமாகச் சமையலறையில் படிக்கிறாள்; கெட்டில் லேசாகச் சீறினாலும் எழுந்து நின்றுவிடுகிறாள். தெர்மோஸ்டாட்டைத் திருகிய அதே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய் வாசல் பலகையை அவளேதான் கழற்றினாள். சிரிக்கலாம் என்று பார்த்தேன். மூன்று ஸ்க்ரூ கழன்றதும் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்; நாலாவதை நான்தான் கழற்ற வேண்டியிருந்தது.