வெள்ளையடித்த வீடு

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அம்மா இரண்டு தடவை குளியலறையில் விழுந்தாயிற்று. வீட்டைச் சரிசெய்யாவிட்டால் மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீடு தயாராகும்வரை தன்னோடு இருக்கட்டும் என்று அம்மாவைக் கூட்டிப்போனாள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அப்பாவுக்கு ஆள் வைத்து வேலை வாங்க வசதியில்லை. பெயிண்ட் கடைக்குப் போனார்.

"என்ன டிரைவரே, புது மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்க?" கடைக்காரர் கேட்டார்.

"பொண்டாட்டி வர்றாளேய்யா. வெலை கம்மியா ஏதாவது எடு."

வெள்ளையோடு, யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த மஞ்சள் பெயிண்டையும் கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

மனைவி தேடித் தடுமாறுவாள் என்று குளியலறைக் கதவுக்கு மஞ்சள். இருட்டடைந்த கூடத்துக்கு வெள்ளை. இரும்புக் குழாய்த் துண்டைச் சுவரில் கைப்பிடியாகத் திருகினார். முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். காலைத் தடுக்கும் மரப்படியை அறுத்தெடுத்தார். இடித்துக்கொள்ளும் மேசையைப் பின்னறையில் தள்ளினார். கத்தும் வாசல் கதவுக்கு எண்ணெய் விட்டார். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று அந்தக் கதவுக்கு மஞ்சளும் வெளிச்சுவருக்கு வெள்ளையும் அடித்தார். இடுப்பு கழன்றது. விசிலடித்தபடி தூரிகையைக் கழுவினார்.

மகள் அம்மாவைக் கூட்டிவந்தாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள்.

"கலக்கிட்டீங்கப்பா. அம்மா இங்கயே இருக்கட்டும்."

பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரமென்று உடனே கிளம்பிவிட்டாள்.

மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"வீட்ட நல்லா வச்சிருக்காங்க," என்றாள் தணிந்த குரலில். "யாருங்க இவங்க?"

"யாரு?"

"வீட்டுக்காரங்கதான். ஒரு வாய் தண்ணி குடுக்கல பாருங்க. சரி, வேலையா இருப்பாங்க. நாம கிளம்பலாம்."

"இது நம்ம வீடுடி."

அவள் சிரித்தாள். "போங்க. எனக்கு மறதிதான், பைத்தியம் இல்ல. நம்ம வீட்டுச் சுவரு பச்சை. கதவு கத்துனா தெருக்கோடிக்குக் கேக்கும்."

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.

அவர் ஓடிப்போய் மேசையை இழுத்துவந்து பழைய இடத்தில் போட்டார்.

"நம்மகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கே," என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்கதானே எப்பவும் கூட்டிட்டுப் போவீங்க?"

தெருவைச் சுற்றி நடத்திவந்தால் பிடிபடும் என்று நினைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மருந்துக்கடை, சலூன், தண்ணீர்த் தொட்டி என ஒவ்வொன்றையும் அவள் அடையாளம் சொன்னாள். தையல்காரரை நிறுத்தி அவருடைய முழங்கால் வலியை விசாரித்தாள்.

"அப்பாடா, நம்ம தெரு வந்தாச்சு," என்றாள்.

அவருக்கு மூச்சு வந்தது. நடையை எட்டிப் போட்டார். வாசலுக்கு வந்து சாவியை நுழைத்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன பண்றீங்க? அடுத்தவங்க வீட்டுல இப்படியா சட்டுனு நுழையறது? கூப்பிடுங்க முதல்ல."

அவர் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பையை மார்போடு அணைத்தபடி அவள் காத்து நின்றாள். அவரும் நின்றார்.