வார்னிஷ் பூசிய தக்கைகள்

நாற்காலிக்காரர் தன் பாய்மரப் படகுக்காகச் செய்த தக்கைகளை யார் பார்த்தாலும் ஒருமுறை கையில் எடுத்துத் தடவிப் பார்க்காமல் இருந்ததில்லை. பைன் மரத்தில் கேரட் வடிவத்தில் கடைந்து, வழுவழுவென்று தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்திருந்தார். நாற்காலி செய்து பிழைக்கும் மனிதர். பூசாத மரத்தைப் பட்டறைக்கு வெளியே விட்டுப் பழக்கமில்லை.

படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கட்டியவர்களே வைத்த ஓட்டைகள் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்க ஒன்று, கழிவறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, வால்வின் மேல் ஒரு குழாய். குழாய் கழன்று வால்வும் மூடாமல் அடம்பிடித்தால், மரத்தக்கையை அடித்து இறக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் ஒரு தக்கை கயிற்றில் தொங்கியது.

இதையெல்லாம் மனைவியிடம் பெருமையாக விளக்கியதில்தான் சிக்கல் தொடங்கியது. அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

“படகுல ஓட்டை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க.”

“எல்லாப் படகுலயும் இருக்கும்மா.”

“இருக்கட்டும். தண்ணி உள்ள வரணும், நீங்க அடைக்கணும், அத நான் பாக்கணும். அடைச்சிட்டா நீங்க போகணும்னு சொல்ற தீவுக்கு நானும் வர்றேன். இல்லன்னா படக என் தம்பிக்கு வித்துடுங்க. அவனும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டான்.”

அந்தப் பழைய படகை அவர் வாங்கிப் புதுப்பித்ததே அவளோடு ஒருமுறை தீவுக்குப் போய் வரத்தான். அதை மட்டும் அவளிடம் விளக்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் படகில் கூடினார்கள். மைத்துனர் அளவெடுக்கும் டேப்போடு வந்திருந்தார். படுக்கைக்கு மெத்தை போட அளவு வேண்டுமாம்.

“மாமா, நீங்க உங்க வேலையப் பாருங்க. என்னை ஒரு ஆளாவே நெனைக்காதீங்க.”

“எப்ப நெனைச்சேன், மாப்ள?”

நாற்காலிக்காரர் தொட்டிக்குக் கீழே குனிந்து, வால்வை மூடி, குழாயைக் கழற்றினார். பிறகு மனைவி பார்க்க வால்வைத் திறந்தார். கைப்பிடி திரும்பியது. திரும்பியதோடு நிற்காமல் அவர் கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளேயே முறிந்திருந்தது. இடுக்கியால் பிடிக்க மிச்சம் ஒன்றுமில்லை. தண்ணீர் கட்டைவிரல் பருமனில் பொங்கியது.

“சரி, அடைங்க,” என்றாள் மனைவி.

தக்கையைச் செருகி சுத்தியலால் அடித்தார். தண்ணீர் நின்றது. மைத்துனர் டேப்பைச் சுருட்டினார். அப்போது தக்கை, எந்த அவசரமும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு மேலே வந்து கயிற்றில் ஆடியது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. மைத்துனர் டேப்பை மறுபடி விரித்தார்.

நாற்காலிக்காரர் தக்கையைப் பார்த்தார். ஈரம் பட்ட சுவடே இல்லாமல் பளபளத்தது. மரம் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் ஆயுசு முழுக்கச் செய்த தொழில்.

“வார்னிஷ்,” என்றார்.

“அதுக்கென்ன?”

“கட்டை தண்ணி குடிச்சு உப்பினாத்தான் கவ்விப் பிடிக்கும். நான் குடிக்கவே விடாம பூசி வச்சிருக்கேன்.”

மனைவி மண்டியிட்டு, ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தண்ணீர் அடங்கியது.

“சுரண்டுங்க. டேய், நீ அந்த வாளிய எடுத்துத் தண்ணிய மொள்ளு.”

“அக்கா, படகு இன்னும் என் பேருக்கு வரலையே.”

“மொள்ளுடா.”

மைத்துனர் மொண்டார். நாற்காலிக்காரர் கத்தியால் சுரண்டினார். வார்னிஷ் சுருள் சுருளாக உதிர்ந்து மரம் வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பாக நின்றது. அவர் கை தானாக உப்புத்தாளைத் தேடிப் போனது.

“ஏங்க, என் கைக்குக் கீழ கடல் இருக்கு. அங்க என்ன பாலிஷ் வேண்டிக் கெடக்கு?”

“இந்த ஓரம் மட்டும்...”

“மாமா, அது ஓட்டைக்குள்ள போற சாமான். ஹால்ல வைக்கிறது இல்ல.”

அவர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கீறலும் செதிலுமாக இருந்த அந்தக் கட்டையை நீட்டினார். மனைவி கையை எடுத்தாள், அவர் அடித்தார். கட்டையைச் சுற்றித் தண்ணீர் கசிந்து சொட்டியது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டு தயங்கியது. அப்புறம் யோசித்து யோசித்து விழுந்தது. அப்புறம் விழவில்லை.

“நான் அடைச்சதா கணக்கா, நீ அடைச்சதா கணக்கா?” என்று அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் சுருங்கிப்போன உள்ளங்கையைத் துண்டில் துடைத்தாள். “உங்களத் தனியா அனுப்பினா நடுக்கடல்ல உக்காந்து கட்டைக்கு பாலிஷ் போடுவீங்க. நானும் வர்றேன். மொதல்ல படகக் கரையேத்தி எல்லா வால்வையும் மாத்துங்க.”

மைத்துனர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று மாலை நாற்காலிக்காரர் மீதித் தக்கைகளைப் பட்டறையில் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அவள் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். கடைசித் தக்கையில் பாதி வந்ததும் அவர் கத்தியை நிறுத்தினார்.

“தலைப்பக்கம் மட்டும் விட்டுடட்டுமா?”

“அது ஓட்டைக்குள்ள போகுமா?”

“போகாது.”

அவள் அந்தத் தலைப்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“சரி, அத விட்டுடுங்க.”