நாற்பத்தெட்டு சிவப்புத் தட்டுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒரு கம்பி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்த்தவர் தேசப்பன். நூறில் இரண்டு கம்பி கோணலானாலே அவருக்குச் சோறு இறங்காது. இப்போது அதே சாலையில் ஒரு காளான் விதைக் கூடத்தின் மேற்பார்வையாளர். காளானைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது கோணலாகத்தான் முளைக்கும், அதற்காக யாரையும் திட்ட முடியாது என்பதுதான்.

அன்று காலை ஆய்வு மேசையில் அறுபத்துநான்கு கண்ணாடித் தட்டுகள். பழவேற்காட்டுப் பெண் ஜபீன் மூன்று மாதமாகப் பாடுபட்டு வளர்த்தவை. ஒரே சிப்பிக் காளானின் வித்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்து, தட்டுக்கு இரண்டாக விட்டு, சேர்கிறதா என்று பார்த்திருந்தாள். சேர்ந்தால் நுண்ணோக்கியில் இழையின் கணுவுக்குக் கணு சின்னக் கொக்கி தெரியும். கொக்கி இல்லாத தட்டுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கல்லூரியிலிருந்து வரும் கிரேஸ் மேடம் பார்த்து ஒப்புக்கொண்டால், வெயில் தாங்கும் ரகம் உருவாக்கும் வேலை ஜபீனுக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் பேக்கிங் பிரிவு.

மேடத்தை அழைத்துவர ஜபீன் ஸ்டேஷனுக்குப் போனதும் தேசப்பன் எண்ணிப் பார்த்தார். நல்லது பதினாறு. சிவப்பு நாற்பத்தெட்டு.

ஐயோ பாவம் பொண்ணு, என்று அவர் நெஞ்சு உருகியது. அவர் நெஞ்சு உருகி எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. நாற்பத்தெட்டையும் ஒரு பையில் அள்ளி, கழிவுகளை வேகவைக்கும் டிரம் பக்கத்தில் வைத்துவிட்டு, நிம்மதியாகக் கை கழுவினார்.

கிரேஸ் மேடம் மேசையிலிருந்த பதினாறையும் பார்த்து முடித்தார். முகம் கடுத்தது.

"எல்லாமே சேர்ந்துடுச்சாம்மா? ஒண்ணுகூடத் தப்பலையா?"

"இல்ல மேடம், மீதி..." ஜபீன் மேசையடியில் குனிந்து தேடினாள்.

"ஒரு காளானோட வித்துல நாலு வகை இருக்கு. ஒவ்வொரு வித்துக்கும் ரெண்டு அடையாளம், ரெண்டுமே வேறயா இருந்தாத்தான் சேரும். நாலுக்கு ஒண்ணுதான் தேறணும். மொத்தமும் சேர்ந்தா, நீங்க தனி வித்தே எடுக்கலை. ஏற்கெனவே சேர்ந்த இழையை வெட்டி வெச்சிருக்கீங்க."

ஜபீன் வாசலில் நின்ற தேசப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே! சிவப்புத் தட்டுங்க எங்க?"

"கெட்டுப்போனதுன்னு... டிரம்மாண்ட..."

"வேக வெச்சிட்டீங்களா?"

பதில் சொல்ல தேசப்பன் அங்கே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அவர் கடைசியாக ஓடியது லோக்கல் ரயிலைப் பிடிக்க. அதையும் பிடிக்கவில்லை.

டிரம் ஓட்டும் சாம்சன் ஒரு கையில் பையோடு மூடியைத் திறந்துகொண்டிருந்தான்.

"இன்னா நைனா, பேய் தொரத்தினாப்ல வர்ற?"

"கைய எடுடா! அது கழிவு இல்ல, சர்டிபிகேட்டு!"

பச்சைப்பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு வந்து தட்டுகளை இறக்கினார். ஜபீன் அவரைப் பார்த்த பார்வையில் டிரம்மே தேவையில்லை. நோட்டைப் பிரித்து, எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு என்று எண்படி அடுக்கினாள். மேடம் சிவப்பில் இஷ்டத்துக்கு ஒன்பது தட்டை எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் கொக்கி இல்லை. நோட்டை ஒருமுறை, தட்டுகளை ஒருமுறை பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வகையும் பிரிஞ்சு நிக்குது. என் ஸ்டூடன்ட்ஸுக்கே இவ்ளோ சுத்தமா வராது. அடுத்த வாரமே வெயில் ரகத்துக்கான சேர்க்கைய ஆரம்பிங்க ஜபீன்."

தேசப்பன் நேரே பேக்கிங் பிரிவுக்கு நடந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க ஜபீனு இனிமே இங்க வராது. அந்தச் சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க!"

சொல்லும்போது குரல் உடைந்தது. ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது என்று அவராகவே விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை.