தாய்மாமன் மடி

சென்னீர்குப்பம் முனைக் கடையில் கொடுத்து, லோகேஷின் சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். என் தம்பி ஜெயிலிலிருந்து வரும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்த புதுச் சட்டை. அடிதடி வழக்கில் கொடுத்த தண்டனை போன வாரமே முடிந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை.

அவன் வரும் தேதியை நம்பித்தான் என் மகள் தன்ஷிகாவுக்குக் காதுகுத்து வைத்தோம். கரையான்சாவடியில் மண்டபம் பிடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கிருப்பது ஒரே தம்பி. ஜெயிலில் கேட்டால், அவன்மேல் இன்னொரு கேஸ் பாக்கியிருக்கிறதாம். அதில் அவன் விடுதலையாகி வருஷமாகிறது ஐயா என்றால், அந்த உத்தரவு தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். கோர்ட்டில் கேட்டால் அனுப்பியாச்சு என்கிறார்கள். பாழாய்ப்போன காகிதம் எந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

வக்கீல் ஷர்மிளா நல்ல பெண். தண்டனை முடிந்தவனை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தாலும் அது அரசியலமைப்புச் சட்டத்தின் இருபத்தோராம் பிரிவுக்கு விரோதம், ஹைகோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன், நஷ்டஈடுகூடக் கேட்கலாம் என்றாள்.

"அம்மாம் பெரிய சட்டம், ஜெயில் கேட்டாண்ட நிக்கிறவருக்குத் தெரியாதா மேடம்?" என்றேன்.

காதுகுத்தன்று பத்தர் ஊசியை எடுத்துவைத்துக்கொண்டு, தாய்மாமன் எங்கே என்று கேட்டார். பெரியப்பா மகன் யாரையாவது உட்காரச் சொல் என்றார் மாமியார். நான் விடவில்லை. அந்தச் சட்டையை என் மடியில் விரித்து, குழந்தையை அதன்மேல் உட்காரவைத்தேன். மண்டபமே என்னைப் பார்த்தது. பார்க்கட்டுமே.

இரண்டு நாள் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு லோகேஷைப் பார்க்கப் போனேன். எங்களுக்கு நடுவில் தரையிலிருந்து கூரைவரை கம்பி வலை. காதுகுத்தைத் தள்ளிவைத்திருப்போம் என்றே நினைத்திருக்கிறான். கம்மலைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"யாரு மடிக்கா?"

"உன் சட்டை மேலதான்டா குந்த வச்சேன்."

"அயுதுச்சா?"

"இல்லடா. நான்தான் அயுதேன்."

அவன் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டி, "மாமாகிட்ட வா" என்றான்.

தன்ஷிகா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். நெற்றி கம்பியில் இடித்தது. அழவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போக வழி எங்கேயென்று ஓரமாகவே நடந்து தேட ஆரம்பித்தாள்.