சக்கரவர்த்தி பதவி விலகினார்

கிருஷ்ணராசா தமிழ்ப் பள்ளியின் தலைவர் பதவியை விடப்போகிறார் என்பதை லண்டன் ஹரோவில் முதலில் நம்பியது அவருடைய மனைவி யோகமலர்தான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கௌசியையும் நம்பவைத்துவிட்டாள். அங்கேதான் வினை.

கௌசி அந்தச் சனிக்கிழமைப் பள்ளியில் படிப்பிக்கிறவள். நல்ல சுறுசுறுப்பான பிள்ளை. தமிழே பேசத் தெரியாமல் வந்து சேருகிற பெரிய பிள்ளைகளை அரிவரி வகுப்பில் ஐந்து வயதுக் குஞ்சுகளோடு இருத்துகிறார்கள். பெரியதுகள் வெட்கத்தில் இரண்டாம் கிழமையே நின்றுவிடுகின்றன. அவர்களுக்கென்று தனி வகுப்பு வேண்டும் என்று அவள் கேட்டுக்கேட்டு அலுத்துப் போனாள். கிருஷ்ணராசா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இனி ஒரே வழி, அவளே தலைவராக வருவது. பள்ளியின் யாப்புவிதிப்படி இந்த முறை அவர் விலகியே ஆகவேண்டும்.

"அண்ணை உண்மையா விடுவாரோ அக்கா? எனக்கு நம்பிக்கையில்லை" என்று கௌசி கேட்டாள்.

"நீ பயப்பிடாமல் தலைவருக்கு நில். நான் அவற்ற மனுசி. எனக்குத் தெரியாதே?" என்றாள் யோகமலர்.

தெரியுமாம்! இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் அந்த மனுசனை அவள் அறிந்திருந்த இலட்சணம் அவ்வளவுதான்.

யோகமலர் ஒரு உயர்பள்ளியில் பண்டைய வரலாறு படிப்பிக்கிறாள். தமிழ்ப் பள்ளியின் பொதுக்கூட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை, குசினி மேசையில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணராசா தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தார்.

"இஞ்ச பாரும், உம்மட ஒகஸ்டஸ். அவன் ராசா எண்டு பேரே வைக்காமல் எப்பிடி ரோமாபுரியை ஆண்டவன்?"

யோகமலருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுடைய பாடத்தைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகத் தொடங்கினாள்.

"அதுதான் அவன்ர கெட்டித்தனம். அந்தச் சனத்துக்கு ராசா எண்ட சொல்லைக் கண்ணில காட்டேலாது. அவன்ர வளர்ப்புத் தகப்பன் சீசர் ராசா மாதிரி நடக்கப்போய்த்தானே குத்துப்பட்டுச் செத்தவர். இவன் செனட் சபையில எழும்பி, எல்லா அதிகாரத்தையும் திருப்பித் தாறன், எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டான். சபை குழறிச்சுது, எங்களை விட்டிட்டுப் போகாதையுங்கோ எண்டு. சரி, உங்களுக்காக எண்டு மனமில்லாதவன் மாதிரிக் கொஞ்ச மாகாணங்களை மட்டும் எடுத்தான். படையில முக்கால்வாசி நிண்டது அங்கதான்!"

"பிறகு?"

"பிறகு, ஆர் என்ன தீர்மானம் எடுத்தாலும் வேண்டாம் எண்டு மறிக்கிற உரிமை. வருசா வருசம் தேர்தல் நடந்தது, தலைவர்மார் வந்தினம், போச்சினம். எல்லாம் ஒரு பேருக்குத்தான்."

"ஒருத்தருக்கும் விளங்கேல்லையே?"

"ஏன் விளங்காமல்? விளங்கினதுதான். முதல்ல ஆர் எழும்பிச் சொல்லுறது?"

அவர் தலையாட்டினார். தோடம்பழத்தில் பாதியை அவளுக்கும் நீட்டினார். பாவி மனுசி, அதையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. பின்பக்கத்தில் பற்றிஸும் ரோல்ஸும் தேநீரும். மேடையில் கிருஷ்ணராசா எழுந்து, பள்ளியின் சாவிக்கொத்தையும் முத்திரையையும் மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் உங்களிட்டையே திருப்பித் தாறன். எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றார். குரல் உடைந்தது. சால்வையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த யோகமலருக்கும் கண் கலங்கியது. பார்த்தீர்களா, மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று பூரித்துப் போனாள்.

பொருளாளர் குகதாசன் துள்ளி எழுந்தார். "அண்ணை, எங்களை நடுத்தெருவில விட்டிட்டுப் போறியளோ?"

சபை குழறியது. போகாதையுங்கோ அண்ணை, போகாதையுங்கோ! கிருஷ்ணராசா கைகூப்பி மறுத்தார். இன்னும் பலமாகக் குழறினார்கள். மறுபடியும் மறுத்தார். யோகமலருக்கு எங்கேயோ இலேசாக இடறியது.

"தலைவர் கௌசிதான். அதில மாற்றமில்லை" என்றார் அவர். கைதட்டல். கௌசிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சும்மா காப்பாளரா ஒரு மூலையில இருக்கிறன். ஆசிரியர்மாரை நியமிக்கிறது, மண்டபம் எடுக்கிறது, அந்தக் கரைச்சல் வேலையள் மட்டும் என்னோட கிடக்கட்டும். பிள்ளைக்கு ஏன் அந்தச் சுமை?"

படை நிற்கிற மாகாணங்கள்! யோகமலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேற ஒண்டுமில்லை. நிர்வாகம் எங்கையும் பிழை விட்டால், வேண்டாம் எண்டு சொல்லுற ஒரு சின்ன உரிமை. உயிரோட இருக்குமட்டும்."

ஐயோ, இது யோகமலருடைய பாடம். வரிக்கு வரி அவள் சொல்லிக்கொடுத்த பாடம். கிருஷ்ணராசா அவளைத் தேடிப் பார்த்து, பரீட்சையில் முதலாவதாக வந்த பெடியன் மாதிரிச் சிரித்தார்.

குகதாசன் பிரேரித்தார். யாரோ ஆமோதித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாக வைத்து, "ஆராவது எதிர்ப்போ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார் குகதாசன். இவ்வளவு பேருக்கு முன்னால் முகத்தை முறிக்க யாருக்கு மனம் வரும்?

யோகமலர் எழும்பினாள். "நான் எதிர்க்கிறன்."

மண்டபம் திகைத்துப் போனது. பின்னால் யாரோ கோப்பையைத் தவறவிட்டார்கள். கிருஷ்ணராசா ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியளோ! என்ர வீட்டுக்குள்ளையே ஜனநாயகம் எப்பிடி இருக்கெண்டு!"

சபை கொல்லென்று சிரித்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. "ஒராள் எதிர்ப்பு, மற்ற எல்லாரும் ஆதரவு!" என்று குகதாசன் கத்தி, கிருஷ்ணராசாவுக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். யோகமலர் வாயைத் திறந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கௌசி மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தாள். சிரிப்பு வடிந்திருந்தது.

"அக்கா, நீங்கள்தானே என்னை நில் எண்டு சொன்னனீங்கள். நான் தலைவரா வாறது உங்களுக்கே பிடிக்கேல்லையோ?"

"இல்லையடி, நான் உன்னை இல்லை, அவரைத்தான்..." எதிலிருந்து தொடங்குவது? வியாழக்கிழமையிலிருந்தா, ரோமாபுரியிலிருந்தா? அதற்குள் புதிய தலைவர் பேசுவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். கௌசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"என்ர முதல் தீர்மானம்" என்று அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். "தமிழ் தெரியாமல் வாற பெரிய பிள்ளையளுக்கு வாற தவணையில இருந்து தனி வகுப்பு."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் அவளைப் பார்க்கவுமில்லை. அத்தனை தலைகளும் மூலையில் இருந்த காப்பாளரின் பக்கம் திரும்பின. பேசிக்கொண்டிருந்த கௌசியும் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தாள்.

கிருஷ்ணராசா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "பாப்பம்" என்றார்.

அப்போதுதான் எல்லோரும் கைதட்டினார்கள். யோகமலர் தட்டவில்லை. ஆனால் அவளுடைய கழுத்தும் அந்த மூலைக்கே திரும்பியிருந்தது. அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.