கேட்காமல் போட்ட கையெழுத்து

கரும்பலகையில் ஐந்து கட்டம் போட்டு ஐந்து நாடுகளின் பெயரை எழுதினார் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். ஒன்றில் மன்னர் உண்டு. ஒன்றில் அரசியலமைப்பு ஒரே நூலாக எழுதப்படவே இல்லை. "ஆட்சிமுறை எல்லாம் வேற வேற. ஆனா ஒருத்தர் மேல குத்தம் சொன்னா அவர் பக்கத்தையும் கேக்கணும். இதுல மட்டும் அஞ்சு நாடும் ஒண்ணு" என்று பலகையைத் தட்டிச் சொன்னார். மாணவர்கள் தலையாட்டினார்கள். அவர் பேச்சுக்குத் தலை தானாகவே ஆடும்.

அப்போது கல்லூரி முதல்வர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைக் காணோம். உதவியாளர்தான் விற்றிருப்பாள் என்று முதல்வர் முடிவு கட்டிவிட்டார். விசாரணைக் குழு என்று மூன்று பேரைப் போட்டிருந்தார். விசாரணை மட்டும் நடக்கவில்லை. அவளை வேலையிலிருந்து நீக்கும் அறிக்கையில் இரண்டு கையெழுத்து விழுந்துவிட்டது. மூன்றாவது பேராசிரியருடையது.

இடுப்பில் எப்போதும் அலமாரிச் சாவிக்கொத்தோடு திரிவதால் அந்த உதவியாளரை எல்லோரும் சாவிக்கா என்பார்கள். அன்று கொத்து முதல்வரின் மேசையில் கிடந்தது. வராந்தாவில் நின்றவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை..."

"கிளாஸ் பாதியில நிக்குதும்மா. அப்புறம் பேசலாம்."

தொலைந்த புத்தகத்தின் பெயரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

மூன்றாம் வாரம் அவர் மனைவி அலமாரியை ஒழித்தபோது, பயணப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. கருத்தரங்குக்கு அவரே எடுத்துப்போய் மறந்தது. பதிவேட்டில் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. "சாவிக்கா, எடுத்துக்கிறேன்" என்பார். அவள் மனதில் வைத்துக்கொள்வாள். பெரிய மனிதரிடம் பேனாவை நீட்ட அவளுக்குக் கூச்சம்.

"ஏங்க, இதுக்காகத்தானே அந்தப் பொம்பளைய வீட்டுக்கு அனுப்புனீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் முதல்வரிடம் உண்மையைச் சொல்லி, உத்தரவை ரத்து செய்யவைத்து, அவள் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. தையற்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் என்கிட்டதான் இருக்குன்னு பிரின்சிபால்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"எல்லார் முன்னாடியும் உங்க பேரை எப்படி சார் இழுக்கிறது? ஞாபகப்படுத்தினா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

கூனிக் குறுகிப்போனார். ரத்து உத்தரவுக் காகிதத்தை நீட்டினார். படித்தாள், முகம் மலரவில்லை.

"வேலைக்கு வர்றேன் சார். வராம முடியுமா? ஆனா பள்ளிக்கூடத்துல என் பொண்ணை 'திருடி மக'ன்னு கூப்பிடுறாங்க. 'நெஜமாவே எடுத்தியாம்மா'ன்னு அவளே என்னைக் கேட்டா. பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா, அவளாவது ஒரு வார்த்தை கேட்டா. நீங்க அதுகூடக் கேக்கலையே சார்."

பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

"எந்த நாட்டுல என்ன உரிமை இருக்குன்னு முப்பது வருஷமா ஒப்பிட்டுப் பாத்தேம்மா. எதிர்ல நிக்கிறவங்க பேச்சைக் காது குடுத்துக் கேக்கலேன்னா, அத்தனை நாட்டு உரிமையும் வெறும் காகிதந்தான். அதை உன் வாழ்க்கையைக் கெடுத்துத்தான் நான் படிச்சிருக்கேன்."